விஷவாயு தாக்குவதில்லை

‘விஷவாயு தாக்கி இருவர் பலி.’ தமிழ் நாளிதழ் படிக்கிற எவருக்கும் பழகிப்போன தலைப்பு. ஊர் மாறும், எண்ணிக்கை மாறும், ‘தாக்கி’ என்ற சொல் மட்டும் மாறாது. மின்னல் தாக்கும், காட்டு யானை தாக்கும். எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாத ஒன்றைத்தான் நாம் அப்படிச் சொல்கிறோம். பாதாளச் சாக்கடைக்குள் இருக்கும் வாயுவோ, எங்கே பிறக்கும், எந்த வெயிலில் பெருகும், எந்த அசைவில் வெளியே வரும் என்பதெல்லாம் பல பத்தாண்டுகளாக எழுதிவைக்கப்பட்டிருக்கும் ஒரு பொருள். அதன் கணக்கு தெரிந்துவிட்டால் அந்தத் தலைப்பை வேறு விதமாகத்தான் படிக்க முடியும். அதற்காகவே ஒரு மூடியைத் திறந்து, மேலிருந்து கீழே பார்க்கப் போகிறோம்.

முதலில் அந்த மூடி. பெரும்பாலும் வட்டமாக இருக்கும். காரணம் எளிய வடிவியல். சதுர மூடி ஒன்றின் பக்கம் 60 செ.மீ. என்றால், அதன் மூலைவிட்டம் ஏறக்குறைய 85 செ.மீ. மூடியைச் செங்குத்தாக நிமிர்த்திக் குழியின் மூலைவிட்ட வாக்கில் திருப்பினால் போதும், அது உள்ளே விழுந்துவிடும். கீழே ஆள் நின்றால் அவர் தலைமேல் விழும். வட்டத்துக்கு எந்தத் திசையில் அளந்தாலும் ஒரே அகலம்தான். குழியின் விளிம்பு மூடியைவிட ஒரு விரற்கடை குறுகலாக இருந்தால், எப்படிப் புரட்டினாலும் அது உள்ளே போகாது. இன்னொரு வசதியும் உண்டு. 100 கிலோ வார்ப்பிரும்பைத் தூக்க வேண்டியதில்லை, உருட்டிக்கொண்டு போகலாம். கீழே இருக்கும் குழியும் உருளையாக இருப்பதால், சுற்றியுள்ள மண்ணின் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுகிறது. கிணற்று உறை வட்டமாக இருப்பதற்கும் இதுதான் காரணம்.

100 கிலோ மூடியை எது தூக்கும் என்று கேட்டால் லாரியையோ கிரேனையோ நினைப்போம். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 60 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு 0.28 சதுர மீட்டர். 100 கிலோ எடையை அந்தப் பரப்பால் வகுத்தால் வரும் அழுத்தம், வெறும் 35 செ.மீ. உயரமுள்ள நீர் தரும் அழுத்தத்துக்குச் சமம். அதாவது, மழைநீர் நிரம்பிய குழாயின் மறுமுனை, மேட்டுத் தெருவில் ஓர் அடிக்குச் சற்று மேல் உயரத்தில் இருந்தாலே போதும், பள்ளத்துத் தெருவின் மூடி கிளம்பிவிடும். கனமழை நாளில் சாக்கடை மூடிகள் தாமாகத் திறந்துகொள்வது இப்படித்தான். மேலே முழங்கால் அளவு கலங்கல் நீர் நிற்கும்போது திறந்த வாய் கண்ணுக்குத் தெரியாது. 2017 ஆகஸ்ட் 29 அன்று மும்பை வெள்ளத்தில் வீட்டுக்கு நடந்துபோன ஒரு மூத்த மருத்துவர் திறந்துகிடந்த குழியில் விழுந்து இறந்தார். அதன் பிறகுதான் அந்த நகரத்தில் மூடிக்கு அடியில் இரும்பு வலைச்சட்டம் பொருத்தத் தொடங்கினார்கள். நம் ஊர்களில் திறந்த குழிமேல் யாரோ ஒருவர் மரக்கிளையை நட்டுவைத்துவிட்டுப் போயிருப்பார். பெயர் தெரியாத அந்த மனிதரின் கிளை எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

இனி மூடிக்குக் கீழே. நிலத்தடிக் குழாயில் கழிவுநீர் பெரும்பாலும் பம்பு இல்லாமல், சரிவின் பலத்தில் மட்டும் ஓடுகிறது. சரிவு குறைந்தால் மண்ணும் மலமும் அடியில் தங்கும். அவை தங்காமல் அடித்துப்போக, நொடிக்குக் குறைந்தது 0.6 மீட்டர் வேகம் வேண்டும் என்று இந்தியக் கழிவுநீர்க் கையேடு சொல்கிறது. நிதானமாக நடக்கும் மனிதரின் வேகத்தில் பாதி. இந்த வேகம் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. குழாய் திரும்பும் இடத்தில், இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில், சரிவோ அளவோ மாறும் இடத்தில் அடைப்பு வரும். அந்த இடங்களில் எல்லாம் ஒரு குழி வைக்க வேண்டும். நேராக ஓடும் சிறு குழாயிலும் சுமார் 30 மீட்டருக்கு ஒரு குழி. கையால் தள்ளும் மூங்கில் பிளாச்சும் கம்பியும் அவ்வளவு தூரம்தான் எட்டும். ஆக, தெருவில் நாம் தாண்டிப்போகும் மூடிகளுக்கு இடையிலான தூரம், ஒரு தொழிலாளியின் கையையும் அவர் பிடித்த பிளாச்சின் நீளத்தையும் வைத்து அளக்கப்பட்ட தூரம். குழியின் பெயரும் அப்படியே அமைந்தது: மேன்ஹோல், அரசுத் தமிழில் ஆள்நுழைவுக் குழி. வடிவமைக்கும்போதே ஓர் ஆள் உள்ளே இறங்குவார் என்று முடிவுசெய்து வைத்த பெயர்.

சென்னை போன்ற தட்டையான கடற்கரை நகரத்தில் சரிவுக்காகக் குழாயை ஆழமாக, மேலும் ஆழமாகப் புதைக்கவேண்டியிருக்கிறது. ஓர் எல்லைக்கு மேல் முடியாது. அங்கே நீரேற்று நிலையம் வைத்து மேலே தள்ளி மறுபடி ஓடவிடுகிறார்கள். கழிவுநீர் வழியில் காத்துக்கிடக்கும் நேரம் இதனால் கூடுகிறது. அந்தக் காத்திருப்பில்தான் நம் கதை தொடங்குகிறது.

குழாயின் உட்சுவரில் நீர் தொடும் பகுதி முழுவதும் வழவழவென்று ஒரு பாசிப்படலம் போலப் படிந்திருக்கும். உண்மையில் அது பாக்டீரியாக்களின் குடியிருப்பு. படலத்தின் மேல்பகுதியில் வாழ்பவை நீரிலுள்ள ஆக்சிஜனை முழுக்க உறிஞ்சிவிடுகின்றன. உள்ளடுக்கில் இருப்பவற்றுக்கு ஆக்சிஜன் மிச்சமில்லை. அவை வேறு வழி கண்டுபிடித்தவை. நம் குடிநீரிலும் சோப்புத்தூளிலும் சிறுநீரிலும் வந்து சேரும் சல்பேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு சல்பைடைக் கழிவாக வெளியேற்றுகின்றன. நாம் ஆக்சிஜனை இழுத்துக் கார்பன் டைஆக்சைடை விடுகிறோம். அவை சல்பேட்டை இழுத்துச் சல்பைடை விடுகின்றன. டீசல்ஃபோவிப்ரியோ இந்தக் கூட்டத்தில் நன்கு அறியப்பட்ட ஒன்று.

வெப்பம் ஏற ஏற இந்த வேலை வேகமாகிறது. கழிவுநீர்ப் பொறியாளர்கள் பயன்படுத்தும் பாமராய் சமன்பாட்டின்படி, வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் சல்பைடு உற்பத்தி 7 சதவீதம் கூடும். வட்டிக்கு வட்டி போல ஏறும் கணக்கு இது; 10 டிகிரிக்கு இருமடங்கு. 15 டிகிரியில் ஓடும் லண்டன் கழிவுநீரோடு 30 டிகிரியில் ஓடும் நம் கழிவுநீரை ஒப்பிட்டால், மற்றவை எல்லாம் சமமாக இருந்தாலும் இங்கே ஏறக்குறைய இரண்டேமுக்கால் மடங்கு. குளிர்நாட்டில் எழுதிய பாதுகாப்பு விதிகளைவிடக் கடுமையான விதிகள் நமக்கு வேண்டும் என்பதற்கு இந்த ஒரு எண்ணே போதும். நடைமுறையில் நாம் அங்கே நடப்பதில் பாதியைக்கூடச் செய்யவில்லை.

சல்பைடு நீரில் கரைந்திருக்கும்வரை ஆபத்து பதுங்கியிருக்கிறது. அதில் ஒரு பகுதி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகக் காற்றுக்கு ஏறிக் குழாயின் கூரையைத் தொடுகிறது. அங்கே ஈரத்தில் வாழும் வேறொரு பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்றுகிறது. மெல்போர்னில் சாக்கடைக் குழாய்களின் கான்கிரீட் கூரை மாவாக உதிர்வது ஏன் என்று தேடிய பார்க்கர் என்ற ஆய்வாளர் 1945இல் அந்த பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, ‘கான்கிரீட் தின்னி’ என்று பொருள்படும் ஒரு லத்தீன் பெயர் வைத்தார். கான்கிரீட்டையே தின்னும் அமிலத்தை உண்டாக்கும் வாயு, மனித உடம்பை என்ன செய்யும்?

பன்னிரண்டாம் வகுப்பில் உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்கு கிப் உபகரணம் நினைவிருக்கும். ஆய்வக மூலையிலிருந்து வரும் அந்த அழுகிய முட்டை நாற்றம்தான் இது. நம் மூக்கு இந்த வாயுவை நூறு கோடிப் பங்கு காற்றில் சில பங்கு இருந்தாலே கண்டுபிடித்துவிடும். அபாயச் சங்காக மூக்கே இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டும்போது சில நிமிடங்களில் முகரும் நரம்பு மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பவர் காற்று தெளிந்துவிட்டதாக நினைப்பார். 500 பங்கைத் தாண்டினால் சில நிமிடங்களில் மயக்கம்; 1000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே சரிந்துவிழுவார். செல்களுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதியை இந்த வாயு பூட்டிவிடுகிறது. சயனைடு செய்வதும் இதைத்தான். இரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், செல்லால் எடுத்துக்கொள்ள முடியாது. முகத்தில் கட்டிய துண்டு தூசியைத் தடுக்கும். வாயு மூலக்கூறுக்கு அந்தத் துணி ஒரு தடையே அல்ல.

எவ்வளவு வாயு இருந்தால் ஒரு குழி கொலைக்களமாகும்? 1.2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் ஆழமும் உள்ள சாதாரணக் குழியின் கொள்ளளவு சுமார் 3,400 லிட்டர். பத்து லட்சத்தில் 500 பங்கு என்றால் 1.7 லிட்டர் வாயு. எடை போட்டால் இரண்டரை கிராம்கூட இல்லை. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையைவிடக் குறைவு.

இந்த இரண்டரை கிராம் எப்போது வெளியே வருகிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். கோலி சோடாவைத் திறக்காமல் வைத்திருந்தால் வாயு நீருக்குள் அமைதியாகக் கிடக்கும். உடைத்துக் குலுக்கினால் பொங்கும். அடைத்துக்கிடக்கும் சாக்கடையும் அப்படித்தான். மூடியைத் திறந்து முகர்ந்தபோது பெரிதாக நாற்றம் இருந்திருக்காது. தீக்குச்சி கிழித்துப் பார்த்திருப்பார்கள், அணைந்திருக்காது. ‘ஒன்றும் இல்லை, இறங்கு’ என்று சொல்லியிருப்பார்கள். இறங்கியவர் சேற்றைக் கிளறுகிறார், கம்பியால் அடைப்பைக் குத்துகிறார். கரைந்தும் குமிழிகளாகச் சிக்கியும் இருந்த வாயு மொத்தமாக எழுகிறது. காற்றைவிடச் சற்றே கனமான அது, குனிந்து வேலை செய்பவரின் முகத்தைச் சுற்றியே தங்குகிறது. எந்த வேலைக்காக அவர் இறக்கப்பட்டாரோ, அந்த வேலையே வாயுவை அவிழ்த்துவிடுகிறது. இறங்கும் முன் ஒருமுறை சோதித்தேன் என்பது ஒரு பாதுகாப்பே அல்ல. வேலை நடக்கும் நேரம் முழுவதும், மூக்குக்குப் பக்கத்தில், ஒலியெழுப்பும் கருவி ஒன்று வாயுவை அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

அடுத்து நடப்பதைத் தலைப்பில் உள்ள ‘இருவர்’ என்ற சொல்லே சொல்கிறது. ஏன் எப்போதும் இரண்டு பேர், மூன்று பேர்? முதலாமவர் சத்தமில்லாமல் சரிகிறார். மேலே நிற்பவர் பெரும்பாலும் தம்பி, மாமன், பங்காளி, பல வருடக் கூட்டாளி. வழுக்கி விழுந்துவிட்டார் என்று நினைத்துக் குதிக்கிறார். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் ஆந்திரத்திலிருந்து வந்த இரண்டு தொழிலாளர்கள் குழிக்குள் மயங்கினார்கள். அந்த வழியாக வந்த ஓர் ஆட்டோ ஓட்டுநர், அவர்களை முன்பின் அறியாதவர், காப்பாற்ற இறங்கினார். மூன்று பேரும் இறந்தார்கள். அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனம் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கையில், இத்தகைய அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்கள் என்று எழுதியது. அன்பும் துணிச்சலுமே ஆளைக் கொல்லும் இடம் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஹைட்ரஜன் சல்பைடு இல்லாவிட்டாலும் குழி பாதுகாப்பானதல்ல. கிணற்றில் தூர்வார இறங்கும் முன் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது நம் கிராமங்களின் பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்கமாட்டார்கள். இலைக்கொத்தைக் கட்டி மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலக்குவார்கள். கிணற்றுக்கு அது நல்ல அறிவு. சாக்கடையில் அது பொய் சொல்லும். ஆக்சிஜன் குறைவை மட்டுமே விளக்கு காட்டும். ஆளைச் சாய்க்கும் அளவு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலும் அது நின்று எரியும். மீத்தேன் 5 சதவீதத்துக்கு மேல் சேர்ந்திருந்தால் அந்த விளக்கே வெடிக்கக் காரணமாகும்.

புதிதாகக் கட்டிய, ஒரு சொட்டுக் கழிவுநீரையும் பார்க்காத செப்டிக் டேங்கிலும் தரைத்தொட்டியிலும் ஆட்கள் இறக்கிறார்கள் என்றால் பலர் நம்புவதில்லை. கூரை போட்ட பிறகு சென்ட்ரிங் பலகைகள் உள்ளேயே இருக்கும். கான்கிரீட் இறுக ஊற்றிய தண்ணீரில் அவை நனைந்து மட்கும். மட்கும் மரம் ஆக்சிஜனைத் தின்றுகொண்டே இருக்கும். மூடிய தொட்டிக்குள் காற்றுப் போக்குவரத்து கிடையாது. வெளிக்காற்றில் 20.9 சதவீதமாக இருக்கும் ஆக்சிஜன் உள்ளே பாதிக்கும் கீழே போயிருக்கலாம். சில வாரங்கள் கழித்துப் பலகை பிரிக்க இறங்குபவர் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். மூச்சுத்திணறல் கொடுத்து நம்மை எச்சரிப்பது முக்கியமாகக் கார்பன் டைஆக்சைடு மிகுவதுதான். ஆக்சிஜன் குறைவதை உடம்பு அவ்வளவாக உணர்வதில்லை. அதனால் அவருக்குத் தடுமாற்றம்கூடத் தெரியாது. அங்கே நாற்றமும் இல்லை, விஷமும் இல்லை. மறுநாள் செய்தியில் மட்டும் அதே ‘விஷவாயு’.

1993ஆம் ஆண்டு இரண்டு நாடுகளில் இரண்டு விதிகள் வந்தன. அமெரிக்காவில், அடைபட்ட அபாயகரமான இடத்துக்குள் எழுத்துமூல அனுமதி, தொடர் வாயுச் சோதனை, மேலே ஒரு காவலாள், உள்ளே போகாமலே தூக்கும் ஏற்பாடு ஆகியவை இல்லாமல் தொழிலாளி நுழையக்கூடாது என்ற விதி. குழிமேல் முக்காலி நிற்கும், அதன் கயிறு இறங்குபவரின் உடல்வாரில் மாட்டப்பட்டிருக்கும். அவர் சரிந்தால் மேலே இருப்பவர் கைப்பிடியைச் சுற்றினால் போதும். அதே ஆண்டு இந்தியாவில் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் முதல் சட்டம் வந்தது. அதன் பார்வை உலர் கழிப்பிடங்களோடு நின்றது, சாக்கடைக்குழிக்குள் இறங்கவில்லை. சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வது குற்றம் என்று சட்டம் சொல்ல 2013 வரை ஆனது. முதல்முறை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது; 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 1993 முதல் பதிவான இந்தச் சாவுகளில் மாநிலங்களிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித் மக்கள். வாயுவுக்குச் சாதி தெரியாது. யாரை இறக்குவது என்று தேர்வுசெய்பவர்களுக்குத் தெரியும்.

இறங்காமல் இந்த வேலையைச் செய்ய முடியுமா? முடியும். உயர் அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சி அடைப்பை உடைக்கும் ஜெட் ராடிங் வண்டி, சேற்றை உறிஞ்சும் வண்டி, வாளி இறக்கித் தூரை அள்ளும் இயந்திரம் ஆகியவை பல நகரங்களில் இருக்கின்றன. கோழிக்கோட்டுச் சம்பவத்தால் உந்தப்பட்ட கேரள இளம் பொறியாளர்கள் சிலர், ஆளுக்குப் பதிலாகக் குழிக்குள் இறங்கும் ‘பேண்டிகூட்’ என்ற ரோபோவை உருவாக்கினார்கள். 2018இல் திருவனந்தபுரத்தில் இறங்கிய அது, அதே ஆண்டு கும்பகோணத்துக்கும் வந்தது. பெருச்சாளியைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல்லே தெலுங்கின் ‘பந்திக்கொக்கு’விலிருந்து போனது; அப்படி ஒரு சுற்றுச் சுற்றி வீடு திரும்பியிருக்கிறது. 2023 மத்திய பட்ஜெட் உரை, மேன்ஹோல் என்பது மெஷின்ஹோலாக மாற வேண்டும் என்றது. பெயர் மாற்றத்தை நான் வரவேற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. பெரிய வண்டி நுழையாத சந்துகளுக்குச் சிறிய வண்டிகளை வாங்காமல், அடைப்பு வந்த அன்று இரவே இயந்திரம் வராமல், பலகையில் பெயரை மட்டும் மாற்றினால் அந்தச் சந்துக்குள் இறங்கப்போவது ஆள்தான். அடைப்புகளில் பாதிக் குற்றம் நம்முடையது. துணி, நாப்கின், பிளாஸ்டிக் பை, ஹோட்டல் எண்ணெய் எல்லாம் நம் வீட்டுக் குழாய்வழியேதான் அங்கே போகின்றன.

இதைப் படிப்பவர்களில் பலர் சொந்த வீட்டுக்காரர்களாக, அடுக்ககச் சங்கச் செயலாளர்களாக, கடையோ மண்டபமோ நடத்துபவர்களாக இருப்பீர்கள். ‘இயந்திரம் வர லேட்டாகும், இரண்டாயிரம் கொடுத்தால் ஆள் இறங்கிவிடுவான்’ என்று யாராவது உங்களிடம் சொல்லும் நாள் வரும். அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். கழிவுநீர் ஊர்திக்கு 14420 என்ற எண்ணை அழையுங்கள். புதுத் தொட்டியில் பலகை பிரிக்கும் முன் எல்லா மூடிகளையும் திறந்துவைத்து, மின்விசிறியால் வெளிக்காற்றை உள்ளே அடிக்கச் செய்யுங்கள். எங்காவது குழிக்குள் ஒருவர் மயங்கிக் கிடப்பதைப் பார்த்தால், அவர் உங்கள் சொந்தச் சகோதரராகவே இருந்தாலும், உள்ளே குதிக்காதீர்கள். சுவாசக் கருவியோடு வரும் தீயணைப்பு வீரர்களை 101இல் அழையுங்கள். இறங்கப் பாயும் மற்றவர்களையும் பிடித்து நிறுத்துங்கள்.